கண்ணாடி உடைந்தால் கடிகாரம் யாருக்குச் சொந்தம்?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர் அதற்கு உரிமையாளர் ஆகிறார். இதை விளக்கப் பெரிய நூல்கள் தேவையில்லை. வீடு வாங்கியவர் தமக்குப் பிடித்த கொத்தனாரை அழைத்துச் சுவரைப் பூசிக்கொள்கிறார். மிதிவண்டி வாங்கியவர் தெருமுனைக் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொள்கிறார். சட்டையில் பொத்தான் அறுந்தால் வீட்டிலேயே தைத்துக்கொள்கிறோம். 'எங்களிடம் கொண்டு வந்தால்தான் பொத்தான் தைக்கலாம். அதுவும் சட்டை முழுவதையும் பிரித்துத் தைக்கச் சம்மதித்தால்தான் பொத்தானைத் தைத்துத் தருவோம்' என்று ஒரு தையற்காரர் சொன்னால் நாம் சிரித்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவோம்.

ஆனால் இதே பேச்சை ஒரு பெரிய கடிகார நிறுவனம் பேசினால், நாம் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். உயர்ந்த விலைக் கைக்கடிகாரம் ஒன்றின் முகப்புக் கண்ணாடி உடைந்துவிட்டால் அதை மாற்றுவது எப்படி என்ற சின்னஞ்சிறு கேள்வியைத்தான் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 'அரசு கலைக் கல்லூரி மாணவனுக்கு இந்தக் கவலை எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இந்தக் கேள்வி கடிகாரத்தைப் பற்றியது மட்டும் அன்று. நம் கையில் உள்ள பொருள் உண்மையில் நமக்குச் சொந்தமா என்பதைப் பற்றியது. ஆகவே சற்றே பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று வகைக் கண்ணாடி

கைக்கடிகாரத்தின் முகப்பை மூடியிருக்கும் கண்ணாடி எல்லாம் ஒரே பொருளால் ஆனது அன்று. பொதுவாக மூன்று வகை உண்டு.

முதல் வகை அக்ரிலிக். கண்ணாடி என்று நாம் சொன்னாலும் இது ஒருவகைப் பிளாஸ்டிக்தான். ஜெர்மனியில் 1933-ஆம் ஆண்டில் 'பிளெக்சிகிளாஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் சாளரங்களுக்குப் பயன்பட்டதும் இதே பொருள்தான். நம் தாத்தாக்கள் கட்டிய கடிகாரங்களில் பெரும்பாலும் இதுவே இருந்தது. எளிதில் கீறல் விழும். ஆனால் பாலிஷ் பசையைப் பூசித் துணியால் தேய்த்தால் சிறு கீறல்கள் மறைந்துவிடும். அடிபட்டால் விரிசல் விடுமே தவிர எளிதில் பொடிப்பொடியாக நொறுங்காது.

இரண்டாம் வகை மினரல் கிளாஸ் எனப்படும் கடினப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. நடுத்தர விலைக் கடிகாரங்களில் இதைக் காணலாம்.

மூன்றாம் வகை சஃபையர். பெயரைக் கேட்டதும் நகைக்கடை நீலக்கல் நினைவுக்கு வரும். வேதியியல்படி இரண்டும் ஒன்றே, அலுமினியம் ஆக்சைடு. ஆனால் கடிகாரத்தில் இருப்பது பூமியிலிருந்து தோண்டி எடுத்தது அன்று, உலையில் வளர்த்தது. ஆகஸ்ட் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலர் அலுமினியம் ஆக்சைடுத் தூளைத் தீச்சுவாலையில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறையை 1902-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். அப்படி வளர்த்த நிறமற்ற படிகத்தை வைரம் பதித்த கருவியால் அறுத்து, இழைத்து, மெருகேற்றுகிறார்கள். விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்க 1812-ஆம் ஆண்டில் ஃப்ரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலைப் புவியியல் மாணவர்கள் அறிவார்கள். அதில் வைரத்துக்கு 10, சஃபையருக்கு 9, ஆற்று மணலில் உள்ள குவார்ட்சுக்கு 7, சாதாரணக் கண்ணாடி அதற்கும் கீழே, அக்ரிலிக் சுமார் 3 தான். ஆகவே மணலோ சாவிக்கொத்தோ சஃபையரைக் கீற முடியாது.

ஆனால் கடினம் வேறு; உறுதி வேறு. கீறலுக்கு அஞ்சாத சஃபையர், ஓங்கி ஓர் அடி விழுந்தால் சில்லுச் சில்லாய்த் தெறித்துவிடும். வளைந்து கொடுக்காத பொருளுக்கு நேரும் கதி அது. எனவே எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கடிகாரமானாலும் அதன் கண்ணாடி ஒருநாள் உடையக்கூடியதே. தயாரிப்பவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

உடைவது புதிதன்று

கண்ணாடி உடைவதைப் பற்றிய கவலையிலிருந்தே சில புகழ்பெற்ற கடிகாரங்கள் பிறந்திருக்கின்றன. முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த வீரர்கள் கண்ணாடியின்மேல் உலோகக் கம்பி வலையைப் பூட்டிக்கொண்டார்கள்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் குதிரைமேல் ஏறிப் போலோ ஆடும்போது, மட்டை பட்டுக் கைக்கடிகாரத்தின் கண்ணாடி அடிக்கடி நொறுங்கியது. இந்தியாவுக்கு வந்திருந்த சேசர் த திரே என்னும் கடிகார வணிகரிடம் இந்தக் குறை எட்டியது. அதன் விளைவாக, முகப்பை அப்படியே திருப்பி உட்பக்கமாக மறைத்துக்கொள்ளும் கடிகாரம் ஒன்று உருவாயிற்று. 1931-ஆம் ஆண்டில் காப்புரிமை கேட்டுப் பதிவு செய்யப்பட்ட அந்தக் கடிகாரம்தான் ஜேகர் லெகூல்த்ர் நிறுவனத்தின் 'ரிவர்சோ'. இன்றும் அது விலையுயர்ந்த கடிகாரங்களுள் ஒன்றாக விற்பனையாகிறது.

நிலவுக்குச் சென்ற கடிகாரத்தின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, கடும் சோதனைகளுக்குப் பிறகு 1965-ஆம் ஆண்டில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தைத் தன் வீரர்களுக்கு ஏற்றதென ஒப்புக்கொண்டது. அதன் முகப்பில் இருந்தது அக்ரிலிக்தான். விண்கலத்துக்குள்ளே எடையற்ற நிலையில் கண்ணாடிச் சில்லுகள் மிதந்து திரிந்தால் வீரர்களின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. ஆகவே நொறுங்காத அக்ரிலிக் அங்கே நன்மையாயிற்று. 1971-ஆம் ஆண்டில் அப்போலோ-15 பயணத்தின்போது, நிலவில் நடந்துகொண்டிருந்த டேவிட் ஸ்காட்டின் கடிகாரத்திலிருந்து கண்ணாடியே கழன்று போய்விட்டது! அடுத்த நடைக்கு அவர் தம் சொந்தக் கடிகாரமான புலோவாவைக் கட்டிக்கொண்டு போனார். அந்தப் புலோவா 2015-ஆம் ஆண்டில் 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

நிலவுக்குப் போன கடிகாரத்துக்கே கண்ணாடி கழலும் என்றால், நம் ஊர்ப் பேருந்தில் போகும் கடிகாரத்துக்கு உடைவதில் வியப்பு ஏது? வியப்பு எல்லாம் உடைந்த பிறகு நடப்பதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். 1974-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இறங்கியபோது, பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு சுவிஸ் கடிகாரம் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் அத்தகைய ஆடம்பரப் பொருள் அது ஒன்றுதான். பின்மூடியில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அது என் தந்தையாரிடம் வந்தது. திருமணம், திருவிழா என்றால் மட்டும் கட்டுவார்.

சென்ற ஆண்டு பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட, முன்னால் நின்றவர் கையில் இருந்த எவர்சில்வர் குடம் தந்தையாரின் மணிக்கட்டில் மோதியது. கண்ணாடி விரிசல் விட்டு ஓர் ஓரம் பெயர்ந்து போயிற்று. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

'நல்ல பொருளை நல்ல இடத்தில்தான் கொடுக்க வேண்டும்' என்று கருதி, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றுக்குச் சென்னைக்கே எடுத்துச் சென்றோம். குளிரூட்டப்பட்ட அறை, குடிக்கக் காப்பி, மரியாதைக்குக் குறைவில்லை. பத்து நாள் கழித்து மதிப்பீடு வந்தது. கண்ணாடியை மட்டும் மாற்றித் தர மாட்டார்களாம். முழுக் கடிகாரத்தையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்; டயல் பழுப்பேறி இருப்பதால் புது டயல்; முட்களும் புதியவை; உறையைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவதில்லை. செலவு ரூ. 52,000. காலம் மூன்று மாதம்.

தந்தையார் தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டார். "அம்மா, கண்ணாடிதானே உடைஞ்சிருக்கு? வாட்ச் உடையலையே?"

மறுமுனையில் பேசிய பெண்மணி என்ன செய்வார்? "சார், கம்பெனி ரூல் அப்படித்தான்" என்றார்.

தாத்தாவின் கையில் வெயிலும் கடற்காற்றும் பட்டுப் பழுப்பேறிய டயலை எடுத்துவிட்டு, அவர் பொறித்த எழுத்து தேயும்படி மெருகேற்றித் தந்தால், திரும்பி வருவது யாருடைய கடிகாரம்? தந்தையார் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு எங்கள் ஊர்க் கடைத்தெருவில், கண்ணாடிப் பெட்டி ஒன்றின் பின்னால் நாற்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் பாயிடம் போனோம். கண்ணில் ஐகிளாசைப் பொருத்திக்கொண்டு பார்த்தார். சாவியை வெளியே இழுத்துக் கடிகாரத்தை நிறுத்தினார். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தை வெளியே எடுத்தார். உறையிலிருந்து உடைந்த கண்ணாடியைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைத் தூரிகையால் துடைத்தார். வெர்னியர் அளவியால் விட்டத்தை அளந்தார். காகித உறைகளில் அடுக்கி வைத்திருந்த கண்ணாடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கவ்வுக் கருவி அதன் விளிம்பைச் சுற்றிலும் நெருக்கிச் சற்றே சுருங்கச் செய்தது. பள்ளத்தில் வைத்துத் தளர்த்தியதும் கண்ணாடி விரிந்து இறுகப் பற்றிக்கொண்டது. டயலில் இருந்த தூசியைக் காற்றுப் பந்தால் ஊதினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்கும் கூலிக்கும் சேர்த்து ரூ. 650 வாங்கிக்கொண்டார்.

"தண்ணியில மட்டும் நனைக்காதீங்க அண்ணாச்சி. இது பழைய உருப்படி, வாஷரெல்லாம் காஞ்சு போயிருக்கும்" என்று எச்சரிக்கவும் செய்தார்.

நான் பாயைப் பாராட்டினேன். அவர் மகிழவில்லை. "தம்பி, இது பழைய மாடல். அதனால என்னால முடிஞ்சுது. நேத்து வாங்கின வாட்ச்ச கொண்டாந்தா நான் கைய விரிக்கணும். வேலை தெரியும், சாமான் தர மாட்டாங்க. எம் மவன் இந்தத் தொழிலே வேண்டாம்னு செல்போன் ரிப்பேருக்குப் போயிட்டான்" என்றார்.

'வேலை தெரியும், சாமான் தர மாட்டார்கள்.' இந்தச் சொற்கள்தாம் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டின.

இரண்டு சந்தைகள்

பொருளியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று ஆராய விரும்புகிறேன். கடிகாரம் விற்பது ஒரு சந்தை. அதில் போட்டி உண்டு. ஒரு நிறுவனம் பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்திடம் வாங்கலாம். கடிகாரத்தை வாங்கிய பிறகு உதிரிபாகம் வாங்குவதும் பழுதுபார்ப்பதும் மற்றொரு சந்தை. இங்கே வாங்குபவர் ஏற்கனவே சிக்கிக்கொண்டவர். குறிப்பிட்ட கடிகாரத்துக்குரிய கண்ணாடியும் வாஷரும் அந்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும் என்றால், சொன்ன விலைதான் விலை. சொன்ன வேலைதான் வேலை. முதல் சந்தையில் போட்டி இருப்பதைக் காட்டி இரண்டாம் சந்தையில் ஏகபோகம் நடத்துவது முறையாகுமா?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அங்குள்ள கடிகாரப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஆடம்பரக் கடிகார நிறுவனங்கள் தனிப்பட்ட தொழிலாளர்களுக்கு உதிரிபாகம் தர மறுக்கின்றன என்று 2004-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் 2008-இல் அதைத் தள்ளிவிட்டது. 2010 டிசம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. ஆணையம் மீண்டும் ஆராய்ந்து 2014-இல் மறுபடியும் முறையீட்டைத் தள்ளியது. 2017-இல் நீதிமன்றமும் இம்முறை ஆணையத்தின் பக்கமே நின்றது. பதின்மூன்று ஆண்டு போராடியும் கண்ணாடிப் பெட்டியின் பின்னால் இருக்கும் தொழிலாளி வெல்லவில்லை.

நம் நாட்டில் வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. கார் உற்பத்தியாளர்கள் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விடாமல் தடுக்கிறார்கள் என்ற வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்கள்மீது ஏறத்தாழ ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன என்பது உண்மை. ஆயினும், 'வாங்கியவர் விரும்பிய பட்டறைக்குச் செல்லலாம்' என்ற நெறி இந்த மண்ணில் உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது.

நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022-ஆம் ஆண்டில் 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. கைக்கடிகாரம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்ப்பை ஊக்குவிக்க நிறைவேற்றிய சட்டநெறியும் துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி முதலியவற்றைத்தான் பேசுகிறது.

மறுபக்க நியாயம்

நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

முதலாவது, நீர்புகாத் தன்மை. 200 மீட்டர் ஆழத்துக்கு என்று விற்கப்படும் கடிகாரத்தில் கண்ணாடியின் பருமனும் வாஷரின் அளவும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்; மாற்றிய பிறகு அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். இது முற்றிலும் உண்மை. சஃபையர் நொறுங்கினால் அதன் பொடி டயலையும் கீறும்; பற்சக்கரங்களுக்கு இடையிலும் புகும். அப்போது இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வது வீண் செலவன்று. ஆனால் அது தேவையா என்று கடிகாரத்தைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டுமே தவிர, எல்லாருக்கும் ஒரே விதி என்று சொல்லக்கூடாது. விரிசல் விட்ட அக்ரிலிக்குக்கும் நொறுங்கிய சஃபையருக்கும் ஒரே மருந்தா?

இரண்டாவது, போலிகள். அசல் பாகங்களை வெளியே விட்டால் போலிக் கடிகாரம் செய்பவர்களுக்கு உதவும் என்கிறார்கள். அசல் கண்ணாடி கிடைக்காத இடத்தில்தான் போலிக் கண்ணாடி விற்பனையாகிறது என்பது என் கருத்து. உடைந்ததைக் கொடுத்துப் புதியதைப் பெறும் முறையை வைத்தாலே இந்த அச்சம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, தொழில் திறமை. கண்டவர் கையில் கொடுத்தால் கடிகாரம் கெட்டுவிடும் என்பது. கெட்ட வைத்தியரும் உண்டு. அதற்காக மருந்தே விற்கக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. பயிற்சியும் சான்றிதழும் கேட்கிறோம். சுவிட்சர்லாந்தில் 1966-ஆம் ஆண்டிலேயே 'வோஸ்டெப்' என்ற பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டுப் பல நாட்டினருக்கும் இத்தொழிலைக் கற்பித்து வருகிறது. கற்பிக்க முடியும் என்பதற்கு அவர்கள் நாடே சாட்சி. கற்றவர்க்குச் சாமான் கொடுப்பதில் என்ன தடை?

நான்காவது மறுப்பு நிறுவனங்களிடமிருந்து வருவதன்று. நம் நண்பர்களிடமிருந்தே வருவது. 'லட்சக் கணக்கில் கொடுத்து வாங்குபவன் ஐம்பதாயிரம் கொடுக்கட்டுமே, நமக்கென்ன?' என்கிறார்கள். நண்பர்களே, பணக்காரர் வீட்டில் பழகிய வழக்கம் ஏழை வீட்டுக்கு வர அதிக நாள் ஆகாது. பாயின் மகன் செல்போன் ரிப்பேருக்குப் போனார் அல்லவா? அங்கும் அதே பூட்டு வந்துவிட்டது. சில கைப்பேசிகளில் திரையை மாற்றினால், அது நிறுவனம் பதிவு செய்த பாகம் அன்று என்று கண்டுகொண்டு சில வசதிகளை நிறுத்திவிடும்படி மென்பொருள் அமைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024-ஆம் ஆண்டில் இந்த வழக்கத்துக்குச் சட்டத்தாலேயே தடை போட வேண்டியிருந்தது. இன்று கடிகாரக் கண்ணாடி. நாளை உழவரின் டிராக்டர். மறுநாள் நம் வீட்டு மிக்சி. பொருளின் விலை மாறும், பூட்டு ஒன்றுதான்.

ஒரு காலத்தில் நம்மிடமே வேறு மாதிரி ஒன்று இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ஆம் ஆண்டில் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அந்தக் கடிகாரத்துக்குச் சிற்றூர்க் கடைகளிலும் கண்ணாடி கிடைத்தது. பழுதுபார்க்க ஆளும் கிடைத்தார். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் அரசு முடிவு செய்தது. ஆனாலும் அந்தக் கடிகாரங்கள் இன்றும் பலர் கையில் ஓடுகின்றன. ஆலை மூடிய பின்னும் ஓடும் கடிகாரம் ஒருபுறம். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி கிடைக்காத கடிகாரம் மறுபுறம். எது உயர்ந்த பொருள்?

வேண்டுவன என்ன?

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடமை. நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: கண்ணாடி, வாஷர், சாவி போன்ற தேய்ந்தும் உடைந்தும் போகக்கூடிய பாகங்களைப் பயிற்சி பெற்ற எந்தத் தொழிலாளிக்கும் நியாய விலையில் விற்க வேண்டும். இரண்டு: எந்த வேலைக்கு என்ன கட்டணம் என்பதைக் கடிகாரம் விற்கும்போதே எழுதித் தர வேண்டும். மூன்று: கழற்றிய பாகங்கள் உரிமையாளருடையவை, அவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும். நான்கு: தேவையில்லாத வேலையைச் சேர்த்தால்தான் தேவையான வேலையைச் செய்வோம் என்று வற்புறுத்தக் கூடாது. பழுதுபார்க்கும் உரிமைக்கான பட்டியலில் கைக்கடிகாரமும் சேர்க்கப்பட்டால் இவை நான்கும் கைகூடும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. கண்ணாடி உடைந்தால் உடனே சாவியை வெளியே இழுத்து முட்களை நிறுத்துங்கள். அப்படியும் நிற்காத பழைய கடிகாரமானால் சாவி கொடுக்காமல் விட்டுவிடுங்கள். இல்லையேல் சில்லுகளை முள்ளே இழுத்து டயலைக் கீறும். முகப்பை மேல்நோக்கி வைத்து, சிறு பெட்டியில் பாதுகாப்பாகக் கொண்டு செல்லுங்கள். பழுதுபார்ப்பவரிடம் கண்ணாடி எந்த வகை என்று கேளுங்கள். என்னென்ன மாற்றப்படும் என்பதை எழுதி வாங்குங்கள். பழைய பாகம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கடிகாரமானால் வெளியில் திறக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். நீரில் மூழ்கப் பயன்படும் கடிகாரமானால் அழுத்தச் சோதனைக் கருவி உள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள். இவை எல்லாம் பணம் படைத்தவர்க்கு மட்டும் உரிய அறிவுரைகள் அல்ல. ஐந்நூறு ரூபாய்க் கடிகாரத்துக்கும் பொருந்துவன.

நம் ஊர்களில் கண்ணாடிப் பெட்டிகளின் பின்னால் அமர்ந்து, ஒரு கண்ணில் ஐகிளாசும் ஒரு கையில் சாமணமுமாய் வாழ்நாளைக் கழித்த தொழிலாளர்கள் ஒவ்வொருவராய்க் கடையைக் கட்டி வருகிறார்கள். அவர்களுக்குப் பின் அந்த வேலை தெரிந்தவர் இரார். அப்போது நிறுவனம் சொல்வதே விலை, நிறுவனம் தருவதே நியாயம் என்றாகிவிடும். வாங்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு, பழுதுபார்க்கும் உரிமையை இழந்தவன் உரிமையாளன் அல்லன், வாடகைக்காரன். கையில் கட்டியிருப்பது நம் பொருளாக இருக்க வேண்டுமானால், அதைச் சீர்செய்யும் கைகளும் நம்மிடையே வாழ வேண்டும். சிந்திப்போமாக!